டர்போசார்ஜர்

டர்போசார்ஜர்: எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையால் ஒரு விசையாழியைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள அமுக்கி வழியாகச் சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. காற்று கூடினால் எரிக்கக்கூடிய எரிபொருளும் கூடும். எஞ்சினைப் பெரிதாக்காமலே குதிரைத்திறன் உயரும். திறனைக் கூட்ட வேறு வழிகளும் உண்டு. சிலிண்டர் கொள்ளளவைப் பெருக்கலாம், எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழலவிடலாம், நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தலாம். ஆனால் டர்போவின் நேர்ப் போட்டியாளர் சூப்பர்சார்ஜர்தான். அதுவும் காற்றைத் திணிப்பதே. சுழற்றுவது மட்டும் புகையல்ல, எஞ்சினின் கிராங்க் தண்டு.

கார்களுக்கு முதலில் வந்தது சூப்பர்சார்ஜரே. 1921இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் அத்தகைய கார்களை விற்பனைக்கு அறிமுகப்படுத்தியது. 1923இல் மொன்சாவில் சூப்பர்சார்ஜர் பொருத்திய ஃபியட் கிராண்ட் பிரி பந்தயத்தையே வென்றது. சூப்பர்சார்ஜரில் முடுக்கியை மிதித்த கணமே திறன் கிடைக்கும். ஆனால் கொடுக்கும் திறனில் ஒரு பங்கை அந்தக் கருவியே தின்றுவிடும். இங்கிலாந்தின் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. கொள்ளளவைக் கூட்டுவதே அவர் வழி. பந்தய வீரர் டிம் பர்கின் கேட்கவில்லை. 4½ லிட்டர் பென்ட்லியில் சூப்பர்சார்ஜரைப் பொருத்தினார். 1930 லெ மான் பந்தயத்தில் அந்தக் கார்கள் பாதியிலேயே நின்றன. வென்றது சூப்பர்சார்ஜர் இல்லாத 6½ லிட்டர் பென்ட்லி. ஆனாலும் இன்று எல்லோர் நினைவிலும் இருப்பது என்னவோ தோற்ற கார்தான்.

டர்போவுக்கு 1905இலேயே காப்புரிமை பெற்றவர் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி. வீணாகும் வெப்பத்தை வேலை வாங்குவதே அவர் நோக்கம். அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகம்தான் அப்போது இல்லை. 1918இல் அமெரிக்கர் சான்ஃபோர்ட் மாஸ், ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தில் விமான எஞ்சினோடு இதைச் சோதித்தார். 1920களில் கப்பல் டீசல் எஞ்சின்களில் அது நிலைபெற்றது.

காருக்கு வர 1962 ஆயிற்று. அவ்வாண்டு ஜெனரல் மோட்டார்ஸ் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரலே கார்வேர் என இரண்டை வெளியிட்டது. ஜெட்ஃபயரில் எரிபொருள் முன்கூட்டியே வெடிப்பதைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனியே ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்தவர்கள் பலர். கார் 1963க்குமேல் நீடிக்கவில்லை. 1973இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ எண்ணெய் நெருக்கடியில் சிக்கியது. இவற்றுக்குப் பொதுவான இன்னொரு குறை தாமதம்: மிதித்தபின் விசையாழி வேகமெடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். 1970களின் இறுதியில் சாப் 99 டர்போ சிறிய விசையாழியாலும், மிகைப் புகையைத் திறந்துவிடும் வால்வாலும் இதை வெகுவாகக் குறைத்தது. பந்தயப் புகழ் ரெனோ நிறுவனத்துக்குப் போனாலும், அன்றாடச் சாலைக்கு டர்போவைப் பழக்கியது சாப் என்பதே பொருத்தம்.

ஃபார்முலா ஒன்னில் ரெனோ 1977இல் டர்போவோடு இறங்கி, 1979இல் பிரான்சில் முதல் வெற்றி கண்டது. 1986இல் 1.5 லிட்டர் பிஎம்டபிள்யூ எஞ்சின் தகுதிச் சுற்றில் 1,000 குதிரைத்திறனைத் தாண்டியது. 1989இல் டர்போவுக்குத் தடை வந்தது, 2014இல் திரும்பியது.

சாலையிலோ அதன் வேலை மாறிவிட்டது. மாசு விதிகள் இறுகியதும், சிறிய எஞ்சினைப் பெரியதுபோல் இயக்கவே அது பயன்படுகிறது. 2005இல் ஃபோக்ஸ்வாகன் 1.4 லிட்டர் எஞ்சினில் இரு போட்டியாளர்களையும் சேர்த்தது: குறைந்த வேகத்தில் சூப்பர்சார்ஜர், பிறகு டர்போ. 2016இல் ஆடி எஸ்க்யூ7 டீசல் காரில் விசையாழி வேகமெடுக்கும் வரை காற்றூட்ட 48 வோல்ட் மின்சார அமுக்கி ஒன்று வைக்கப்பட்டது.