உள்ளடக்க மேலாண்மை அமைப்புக் கல்வி: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள்

தரவுத்தளத்தின் துணையோடு இயங்கும் வலைத்தளங்களை வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா, மீடியாவிக்கி போன்ற மென்பொருள்களால் அமைக்கக் கற்பிப்பது உள்ளடக்க மேலாண்மை அமைப்புக் கல்வி. கணினி சார்ந்த இளநிலைப் படிப்புகளில் பிஹெச்பி நிரலாக்கத்தை அடுத்துக் கற்கத் தக்க பாடம் இது. தமிழும் மலையாளமும் சேர்ந்து புழங்கும் கேரள எல்லைப் பகுதிகளில் இதற்குத் தனிப் பயன் உண்டு. ஒரே தளத்தை இரு மொழிகளில் நடத்தும் திறனை மாணவர்கள் இதன் வழியாகப் பெற முடியும்.

வட்டாரமும் கல்லூரிகளும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழர்கள் செறிந்து வாழ்கின்றனர். வாளையாறும் கோபாலபுரமும் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் திறக்கும் வழிகள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகியவை தேனி மாவட்டத்தோடும், மறையூர்–சின்னாறு சாலை உடுமலைப்பேட்டையோடும் இடுக்கியை இணைக்கின்றன. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் பகுதியிலுள்ள அரசு அலுவலகங்களோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழிசெய்கிறது.

பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரியும், தமிழ்த்துறை உள்ள சித்தூர் அரசுக் கல்லூரியும் 1968-இல் தொடங்கிய கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அதன் பிசிஏ பாடத்திட்டத்தில் பிஹெச்பி வலை நிரலாக்கம் இடம்பெற்றிருக்கிறது. மூணாறு, கட்டப்பனை அரசுக் கல்லூரிகள் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 2024 சூலையில் கேரளம் நான்காண்டு இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. அதில் திறன் மேம்பாட்டுப் பாடங்களுக்கு இடம் உண்டு என்பதால், பிற துறை மாணவர்களுக்கும் இத்தகைய பாடங்களை அளிக்க வழி பிறந்துள்ளது.

மென்பொருள்களின் வரலாறு

ட்ரூபலை டிரீஸ் பைடார்ட் 2001-இல் வெளியிட்டார். மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸைக் கொண்டுவந்தனர். 2005-இல் மாம்போவிலிருந்து பிரிந்தது ஜூம்லா. விக்கிப்பீடியாவுக்காக உருவான மீடியாவிக்கியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. நான்கும் பிஹெச்பியில் எழுதப்பட்டவை. ஜிபிஎல் உரிமத்தின் கீழ் விலையின்றிக் கிடைப்பவை. இன்று உலக வலைத்தளங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸில் இயங்குகின்றன.

பாடப்பொருள்

நிலையான பக்கம் ஒரு கோப்பு. அதை மாற்ற வேண்டுமானால் கோப்பைத் திருத்த வேண்டும். இயங்குநிலைத் தளத்தில் உரையும் படக்குறிப்பும் பயனர் விவரமும் தரவுத்தள அட்டவணைகளில் இருக்கின்றன. வாசகர் பக்கத்தைக் கேட்கும்போது பிஹெச்பி நிரல் அவற்றை எடுத்து, வார்ப்புருவில் பொருத்தி அனுப்புகிறது. ஆகவே நிரல் தெரியாத ஊராட்சி எழுத்தரோ ஆசிரியரோகூடத் தளத்தைப் புதுப்பிக்கலாம்.

சேவையகம் நிறுவுதல், தரவுத்தளம் அமைத்தல், உள்ளடக்க வகைகளை வரையறுத்தல், வார்ப்புருவும் செருகுநிரலும் எழுதுதல், பயனர்களுக்கு அனுமதி வகுத்தல், காப்புப்படி எடுத்தல், பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் இடுதல் ஆகியவை இதன் படிநிலைகள். சேவையகத்தைச் சொந்தக் கணினியிலேயே நிறுவிப் பழகலாம் என்பதால், அலைவரிசை கிட்டாத மலையூர் மாணவருக்கும் பயிற்சி தடைபடாது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டம் ட்ரூபல், பிஹெச்பி உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள்களுக்குக் காணொளிப் பாடங்களை இலவசமாகத் தருகிறது.

இருமொழித் தளங்கள்

எல்லைப் பகுதிக்கு மிகவும் தேவையான பகுதி இது. ட்ரூபல் 2015-இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து பன்மொழி வசதியைத் தன் கருவிலேயே கொண்டுள்ளது. ஜூம்லாவில் 2011 முதல் அது உண்டு. வேர்ட்பிரஸுக்கோ பாலிலாங் போன்ற செருகுநிரல் வேண்டும்.

தமிழுக்கென்றே சில நுட்பங்கள் உள்ளன. ஒருங்குறியில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் வலை முகவரியில் குறியேற்றம் பெறும்போது ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்து இடமே ஒதுக்குவதால், சுமார் 22 குறியெண்களுக்கு மேற்பட்ட தமிழ்த் தலைப்பு முகவரியில் துண்டாகிவிடும். சுருக்கமான முகவரியைக் கையால் இடுவது நல்லது. குறியெண் வரிசையை மட்டும் நம்பி ஊர்ப்பெயர்களை அடுக்கினால் னகரம் நகரத்தின் பின்னாலேயே வந்து நிற்கும். தமிழ் நெடுங்கணக்கின் முறை கிடைக்க, தரவுத்தளத்தில் உரிய வரிசையாக்க விதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முன்மாதிரிகள்

கேரளத்தின் ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கி, பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017-இல் அது கைட் நிறுவனமாயிற்று. 2009-இல் உருவான ஸ்கூல்விக்கி, மாநிலப் பள்ளிகளின் வரலாற்றை ஆசிரியர்களும் மாணவர்களும் மீடியாவிக்கியில் எழுதும் மலையாளக் கலைக்களஞ்சியம். கைட் வழங்கும் ஸ்கூல்விக்கி விருது, இப்பணிக்கு வித்திட்ட சபரீஷின் பெயரைத் தாங்குகிறது. தமிழில் இதற்கு இணையாகக் குறிப்பிடத் தக்கது ஈழத்தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் திட்டம். 2005-இல் தொடங்கிய அதன் எண்ணிம நூலகமும் மீடியாவிக்கியில் இயங்குகிறது.

செயல்திட்டங்களுக்கான பொருள் இவ்வட்டாரத்திலேயே நிறைய உண்டு. புற்றடி நறுமணப் பொருள் பூங்காவிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் நாள், வரத்து, விற்ற அளவு, உயர்விலை, சராசரி விலை ஆகியவை தரவுத்தள வடிவமைப்புக்கு நல்ல பயிற்சி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம், சித்தூர் வட்டத் தமிழ்வழிப் பள்ளிகளின் வரலாறு, தோட்டத் தொழிலாளர் நலத் திட்டங்கள் ஆகியவையும் இரு மொழியில் எழுதப்பட வேண்டியவை.

மதிப்பீடு

தமிழில் விண்ணப்பம் எழுதும் உரிமையைச் சட்டம் 1969-இலேயே அளித்துவிட்டது. அந்த உரிமையை வலைத்தளத்திலும் நடைமுறையாக்கும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. இரண்டையும் சேர்க்கப் பயிற்சி பெற்ற கைகள்தான் வேண்டும். எல்லைப் பகுதிக் கல்லூரிகள் இறுதியாண்டு வலைச் செயல்திட்டம் ஒவ்வொன்றையும் தமிழ், மலையாளம் இரண்டிலும் அமைக்கும்படி விதித்தால், அதன் பயன் மாணவரின் மதிப்பெண்ணோடு நிற்காமல் ஊருக்கும் சேரும்.