ஊர்ப் பெயரும் உள்ளே இருப்பதும்

சென்னைக்குப் போனால் நல்ல பர்கர் கடை எது என்று பேரப்பிள்ளைகள் தேடுகிறார்கள். ஆரணிப் பட்டு, களம்பூர் அரிசி போல அதுவும் ஊரால் வந்த பெயர்தான். ஊர், ஜெர்மனியின் ஹாம்பர்க். அமெரிக்காவில் அது ரொட்டிக்குள் வைத்த மாட்டிறைச்சியானது. 1996 அக்டோபரில் டெல்லி வசந்த் விஹாரில் மெக்டொனால்ட்ஸ் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தபோது மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இரண்டுமே இல்லை. ஆட்டுக்கறியில் 'மகாராஜா மேக்' வந்தது. பின்னால் உருளைக்கிழங்கு டிக்கியும் ரொட்டிக்குள் புகுந்தது. சைவத்துக்கு அடுப்படியே தனி.

பெயர் நின்றது, பண்டம் மாறியது. ஆகவே பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். மூட்டையில் எது அச்சிட்டிருந்தாலும் ஒரு பிடி அள்ளிப் பார்க்கிற ஊர் நம்முடையது. உள்ளே வைப்பதை அன்றன்று தட்டிச் சூடாகச் சுடுகிறார்களா என்று கேளுங்கள். அதுதான் நல்ல கடை.