மினிடெல்

மினிடெல் என்பது பிரான்சு நாட்டில் 1982 முதல் 2012 வரை இயங்கிய, தொலைபேசி வழியாக அழைத்து இணையும் தகவல் சேவை ஆகும். சேவையின் முறையான பெயர் டெலிடெல். மினிடெல் என்பது வீட்டில் வைக்கப்பட்ட முனையத்தின் பெயராகும். நாளடைவில் அதுவே சேவைக்கும் பெயராயிற்று. உலகளாவிய வலை தோன்றுவதற்கு முன்பே பொதுமக்களிடம் பெருமளவில் பரவிய இணைப்புச் சேவை என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

வரலாறு

சமூகத்தைக் கணினிமயமாக்குவது குறித்து சிமோன் நோரா, அலென் மேங்க் ஆகியோர் எழுதிய அறிக்கை 1978ல் வெளியானது. கணினியும் தொலைத்தொடர்பும் ஒன்றிணைவதைப் பற்றிய இவ்வறிக்கை அரசின் திட்டங்களுக்கு ஊக்கமளித்தது. 1980ல் சென்-மாலோ நகரிலும், 1981ல் பாரிசுக்கு அருகிலுள்ள வெலிசியிலும் சோதனைகள் நடைபெற்றன. 1982ல் நாடு தழுவிய விரிவாக்கம் தொடங்கியது. அச்சிட்ட தொலைபேசி விவரத் திரட்டுக்கு மாற்றாக, முனையங்கள் சந்தாதாரர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டன.

செயற்பாடு

சிறு திரை, விசைப்பலகை, மோடம் ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் அமைந்திருந்தன. திரையின் ஒரு வரியில் 40 எழுத்துகள் இடம்பெறும். தரவு வினாடிக்கு 1200 பிட்டு வேகத்தில் வந்தது. 75 பிட்டு வேகத்தில் சென்றது. பயனர் 3615 போன்ற எண்ணைச் சுழற்றி, சேவையின் பெயரைத் தட்டச்சு செய்வார். தகவல்கள் டிரான்சுபாக் என்னும் பொதி மாற்று வலையமைப்பு வழியாகச் சேவை வழங்குநரின் கணினியை அடைந்தன.

நிறைகள்

கணினி வாங்கவோ கணினி அறிவு பெறவோ தேவையிருக்கவில்லை. இதுவே மினிடெலின் முதன்மையான சிறப்பு எனலாம். பிரித்தானியாவில் 1979ல் தொடங்கிய பிரெசுடெல் சேவைக்கு, அதற்கேற்ற தொலைக்காட்சிப் பெட்டியையோ இணைப்புக் கருவியையோ பயனரே பெற வேண்டியிருந்தது. அதன் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. மினிடெல் முனையங்களோ உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 90 இலட்சமாக இருந்தன.

1984ல் அறிமுகமான 'கியோசுக்' கட்டண முறை மற்றொரு சிறப்பாகும். பயன்படுத்திய நேரத்திற்கான தொகை தொலைபேசிக் கட்டணத்துடன் வசூலிக்கப்பட்டு, அதில் ஒரு பங்கு சேவை வழங்குநருக்கு அளிக்கப்பட்டது. கடன் அட்டையோ தனிச் சந்தாவோ தேவைப்படாததால் சிறு நிறுவனங்களும் வருவாய் ஈட்டின. எந்தெந்தச் சேவைகள் பார்க்கப்பட்டன என்பது கட்டணச் சீட்டில் குறிக்கப்படாததால் பயனரின் அந்தரங்கமும் காக்கப்பட்டது. தொடர்வண்டி முன்பதிவு, வங்கிக் கணக்கு, அஞ்சல்வழி வணிகம், அரட்டை எனப் பல்லாயிரம் சேவைகள் தோன்றின.

குறைகள்

நிமிடக் கணக்கில் வசூலிக்கப்பட்டதால் நீண்ட நேரம் பயன்படுத்துவது செலவு மிக்கதாக இருந்தது. பாலியல் அரட்டைச் சேவைகள் பெரும் வருவாய் ஈட்டியதும், அவற்றை அரசின் வலையமைப்பே தாங்கியதும் கண்டனத்துக்கு உள்ளாயின. 1985ல் நெரிசல் மிகுந்து டிரான்சுபாக் வலையமைப்பு செயலிழந்தது. அதையே நம்பியிருந்த வணிக நிறுவனங்களும் பாதிக்கப்பட்டன. திரையில் எழுத்துகளும் எளிய கட்ட வடிவங்களும் மட்டுமே தோன்றின. நாட்டு எல்லைக்கு வெளியே இம்முறை பெரிதாகப் பரவவில்லை.

இணையமும் மினிடெலும்

மினிடெல் பிரான்சில் இணையத்தின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தியது என்ற கருத்து பரவலாக உள்ளது. 1997ல் அன்றைய பிரதமர் லியோனெல் யோசுபேன் ஆற்றிய உரையிலும் இக்கருத்து இடம்பெற்றது. தேவைகளை மினிடெலே நிறைவு செய்ததால் புதியதற்கு மாறும் அவசரம் மக்களுக்கு இருக்கவில்லை. வருவாய் தந்த சேவையைக் கைவிட நிறுவனங்களும் தயங்கின.

எனினும் இது முழு உண்மையன்று எனக் கருதுவோரும் உளர். இணைப்பு வழியே பொருள் வாங்கும் பழக்கம் மினிடெல் மூலம் முன்னரே வேரூன்றியிருந்தது. மினிடெல் சேவைகளில் தொழில் பழகிய சேவியர் நியேல், பின்னர் 'ஃபிரீ' என்னும் இணையச் சேவையை நிறுவினார்.

வலையமைப்பும் வசூலும் அரசின் பொறுப்பிலும், உள்ளடக்கம் தனியாரின் பொறுப்பிலும் இருந்த இவ்வமைப்பு விரைவான பரவலுக்கு உதவியது. அதே மைய அமைப்பே பின்னாளில் மாற்றத்திற்குத் தடையாகவும் அமைந்தது. மினிடெல் சேவை 2012 சூன் 30 அன்று நிறுத்தப்பட்டது.