பெயரேட்டில் ஏறாத கூலி

சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களின் வரலாறு, ரொக்கக் கூலியின் வரலாறு மட்டுமல்ல, பெயரேட்டின் வரலாறும்கூட. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. ஆளைப் பொறுக்கியவர் மேஸ்திரி, கூலி பங்கிட்டவரும் அவரே. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இலேயே வந்துவிட்டது. ஆனால் ராயபுரத்துக் கூலி ஒருவருக்குச் சிப்பம் விழுந்து கால் நசுங்கினால், அவர் யாரிடம் வேலை செய்தார் என்பதற்கு மேஸ்திரியின் வாய்ச்சொல்லைத் தவிர என்ன சான்று? தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் 1931-இல் துறைமுகக் கூலிகளைப் பதிவு செய்யச் சொன்னது. 1948-ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியம் சுழற்சி முறையில் வேலை தந்தது; வேலையில்லாத நாளுக்கும் வருகைப்படி கொடுத்தது.

பதிவே இல்லாமல், பிடித்தமில்லாத முழுக் கூலி கைக்கு வருவது நல்லதுதானே என்பார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கு இன்று தொழிலாளி தருவது கூலியில் 0.75 விழுக்காடு, முதலாளி தருவது 3.25. பதிவைத் தவிர்த்தால் அதிகம் மிச்சமாவது யாருக்கு? துறைமுகத் தொழிலாளர் வாரியமே சுமையாகிவிட்டது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. 1983-இல் கன்டெய்னர் முனையம் வந்தபின் தோள்களுக்கு வேலை குறைந்தது. 1997-இல் வாரியங்களைத் துறைமுகங்களோடு இணைக்கச் சட்டமே வந்தது. ஆனால் வேலை மறையவில்லை. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துக் கன்டெய்னர் கிடங்குகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் இடம் மாறியது. தமிழகத்தின் 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் நலவாரிய அட்டை தருகிறது. உதவித்தொகைக்கு அது போதும்; விபத்தன்று முதலாளி யார் என்று நிரூபிக்கப் போதாது.