மூளைத் தொற்றும் உடலின் சர்க்கரையும்: பேராக் கண்ட இரு காலங்கள்

மூளை மலேரியா, மூளையழற்சி, மூளையுறைக் காய்ச்சல் போன்ற கடும் தொற்றுகளில் ஒருவர் பிழைப்பது கிருமியின் வீரியத்தை மட்டும் பொறுத்ததன்று. உணவை ஆற்றலாக்கும் வளர்சிதை மாற்றம் அந்த நாட்களில் எப்படி நடக்கிறது என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று அதனிடம் சொல்லத்தக்கதாக எதுவும் கிடையாது. ரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸை நம்பியே அது நொடிக்கு நொடி இயங்குகிறது.

மலேசியாவின் பேராக் மாநிலம் இந்த உறவின் இரு முனைகளையும் கண்டது. ரப்பர்த் தோட்டங்களில் மூளை மலேரியா கண்டவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை வற்றியது ஆபத்தானது. ஈப்போ வட்டாரத்தில் 1998-இல் தலைகாட்டிய நிப்பா மூளையழற்சியிலோ சர்க்கரை மிகுந்திருந்தவர்களின் நிலை மோசமானது.

தோட்டத்துக் காய்ச்சல்

பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ 1877-இல் ரப்பர்க் கன்றுகளை நட்டுப் பார்த்த இடம் பேராக்கின் கோலகங்சார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக்கின் மலைச்சாரல்களில் காடு வெட்டப்பட்டுத் தோட்டங்கள் விரிந்தன. அதுவரை நிழலில் ஓடிய ஓடைகள் வெயிலுக்குத் திறந்தன. வெயில் பட்ட தெளிநீரே அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். 1901-இல் சிலாங்கூரின் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். கடலோரச் சதுப்பில் காட்டை அழித்து வாய்க்கால் வெட்டினால் மலேரியா குறைந்தது. மலைத் தோட்டத்தில் அதே வேலை மலேரியாவைக் கூட்டியது. ஓடை நீரை நிலத்தடிக் குழாயில் விடுவதும் நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிப்பதும் அதன் பிறகு வந்த வழிகள்.

விடியுமுன் பெரட்டு எனும் ஆளெடுப்புக்கு வந்து நிற்கும் தொழிலாளர்களுக்கு அளவுக் கிண்ணத்தில் மலேரியா மருந்தான கொய்னாவின் கரைசலை ஊற்றித் தருவது தோட்ட வழக்கமாக இருந்தது. துப்பிவிடுவார்கள் என்பதால், தொண்டையில் இறங்கும்வரை டிரெஸர் எனும் தோட்ட மருத்துவ உதவியாளர் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் கசப்பு வாயில் இருக்கவே வாளியும் கத்தியுமாக ரப்பர் மர நிரைக்குப் போனார்கள். குளிர்காய்ச்சல் வந்து போய்க்கொண்டே இருக்கும். சிலருக்கு மட்டும் அது மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பிதற்றலாகி, வலிப்பாகி, நினைவு தப்பும். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அதைப் பேய் பிடித்தது என்று நினைத்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நேற்றுவரை பால்மரம் வெட்டிய ஆள் இன்று தன் பிள்ளையை அடையாளம் தெரியாமல் விழிப்பதைப் பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

உள்ளே நடப்பது

மூளை மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் பால்சிபாரம். இந்த ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு மூளையின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ரத்த ஓட்டத்தை அடைக்கிறது. பிராணவாயு போதாத திசுக்கள் குளுக்கோஸை அரைகுறையாக எரித்து லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. ஒட்டுண்ணியும் அதே வழியில்தான் வாழ்கிறது. அது புகுந்த அணு, சாதாரணச் சிவப்பணுவைவிடப் பல மடங்கு குளுக்கோஸை விழுங்கி அமிலத்தைக் கக்குகிறது. ஈரலின் சர்க்கரை இருப்பு பட்டினியிலும் காய்ச்சலிலும் தீர்ந்துபோகிறது, புதிய சர்க்கரையை உருவாக்கும் அதன் திறனும் தளர்கிறது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் முதலில் வீழ்வது இதனால்தான்.

ஆகவே மலேரியா கடுமையானதா என்று பார்க்க மருத்துவர்கள் ஒட்டுண்ணியை எண்ணுவதோடு நிறுத்துவதில்லை. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே போவதும், லாக்டிக் அமிலத்தைக் காட்டும் லாக்டேட் லிட்டருக்கு 5 மில்லிமோலைத் தொடுவதும் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அபாயக் குறிகள். சர்க்கரை தாழ்ந்து மயங்கியவரும் மூளை மலேரியாவில் மயங்கியவரும் பார்வைக்கு ஒன்றுபோலவே கிடப்பார்கள். விரல் நுனியில் எடுத்த ஒரு துளி ரத்தம்தான் பிரித்துச் சொல்லும். குளுக்கோஸ் ஏற்றியதும் சிலர் கண் திறப்பார்கள். திறக்காதவரிடம்தான் மூளை மலேரியா உறுதிப்படும்.

மருந்தும் இதில் ஒரு பங்காளி. கொய்னா, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. சிரை வழியே கொய்னா பெற்ற கடும் நோயாளிகளுக்குச் சர்க்கரை திடீரென்று சரிவதைத் தாய்லாந்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள் 1983-இல் எடுத்துரைத்தார்கள். வங்காளதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியன்மார் ஆகிய நாடுகளில் 1,461 பேரை வைத்து நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், கொய்னா பெற்றவர்களில் 22 விழுக்காட்டினரும் ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினரும் இறந்தார்கள். சர்க்கரைச் சரிவும் கொய்னா தரப்பிலேயே கூடுதல். கடும் மலேரியாவுக்கு இன்று முதல் மருந்து ஆர்ட்டிசுனேட்தான்.

புழுங்கல் அரிசி

அன்றைய மலாயாவில் நடந்த இன்னொரு கண்டுபிடிப்பும் இங்கே சேர்கிறது. தீட்டிய பச்சரிசி உண்டவர்கள் பெரிபெரி நோயில் விழ, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் தப்பியதை மருத்துவர் பிராடன் 1907-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். நெல்லை அவிக்கும்போது தயமின் என்னும் உயிர்ச்சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. தயமின் இல்லாவிட்டால் குளுக்கோஸ் முழுதாக எரியாமல் லாக்டிக் அமிலமாகத் தேங்கும். தென்கிழக்காசியாவின் மலேரியா நோயாளிகளிடம் தயமின் குறைபாடு பரவலாக இருப்பதை 1999-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஊரிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பழக்கம் தோட்டத்து மலேரியாவில் எத்தனை பேரைக் காத்தது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருக்க வேண்டிய கணக்கு அது.

ஈப்போ, 1998

1998 செப்டம்பர் முதல் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலும் தலைவலியும் கண்டு நினைவு மங்கியது. ஜப்பானிய மூளையழற்சி என்று எண்ணிக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பன்றிகளோடு அது நெகிரி செம்பிலானுக்குப் போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் சுவா காவ் பிங் புதிய வைரசைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. பண்ணையோரப் பழமரங்களுக்கு வந்த வௌவால்களிடமிருந்து அது பன்றிக்குத் தாவியிருந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

பிழைத்தவர், பிழைக்காதவர் கணக்கை ஆராய்ந்த மலேசிய நரம்பியல் மருத்துவர்கள், முதுமையோடு நீரிழிவையும் தீய அறிகுறிகளில் ஒன்றாகக் குறித்தார்கள். மலேசியத் தமிழர் இனிப்புநீர் என்று சொல்லும் அதே நோய். உயர்ந்தே நிற்கும் சர்க்கரை நுண்குழாய்களைக் கெடுக்கிறது, வெள்ளணுக்களின் வேகத்தைத் தளர்த்துகிறது. மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் நோயும் இனிப்புநீர்க்காரர்களையே அதிகம் தேடிப் பிடிக்கிறது. சிலருக்கு அது மூளையில் சீழ்க்கட்டியாகும்.

உண்பதா, பட்டினியா?

லங்கணம் பரம ஔஷதம், அதாவது பட்டினியே பெருமருந்து என்பது பாட்டிமார் வாக்கு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஜிதோவ் குழுவினர் 2016-இல் இதை எலிகளிடம் சோதித்தார்கள். பாக்டீரியத் தொற்றில் பட்டினி எலியைக் காத்தது, குளுக்கோஸ் கொன்றது. இன்ஃப்ளுவென்சா வைரஸ் தொற்றில் நேர்மாறு, குளுக்கோஸ் காத்தது. இரண்டிலும் கிருமியின் அளவு பெரிதாக மாறவில்லை. மூளை நரம்பணுக்கள் அழற்சியைத் தாங்கிய விதமே மாறியது. 2018-இல் அதே குழு மூளை மலேரியா எலிகளுக்குக் குளுக்கோஸ் எரிவதைத் தடுக்கும் 2-டிஆக்ஸிகுளுக்கோஸ் கொடுத்தபோது அவை கூடுதலாகப் பிழைத்தன.

இது மனிதனுக்கான சிகிச்சை ஆகிவிடாது. சர்க்கரை வற்றிய மலேரியா நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றாமல் விட்டால் அவர் இறந்துபோகலாம். வைரசுக்கு ஒன்று, பாக்டீரியத்துக்கு ஒன்று, ஒட்டுண்ணிக்கு ஒன்று என்று எரிபொருள் தேவை மாறுகிறது என்பதே இந்த ஆய்வுகள் திறந்துவிட்ட கேள்வி.

பேராக்கின் தோட்டங்களில் பல துண்டாடப்பட்டோ செம்பனைக்கு மாறியோ போயின. லயத்து மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தார்கள். மனிதரிடையே பரவும் மலேரியா மலேசியாவுக்குள்ளேயே தொற்றியதாக 2018 முதல் பதிவாகவில்லை. குரங்கிலிருந்து வரும் நோலெசி மலேரியா மட்டும் தொடர்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. கொய்னாக் கிண்ணம் ஏந்தியவர்களின் பேரப்பிள்ளைகள் காய்ச்சலும் குழப்பமுமாக மருத்துவமனைக்கு வந்தால், இப்போதும் முதலில் பார்ப்பது அந்த விரல்நுனித் துளி ரத்தத்தைத்தான்.