ஒரு தவணை போதுமா? எச்.பி.வி. தடுப்பூசியும் சான்றின் அளவுகோலும்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மனிதப் பாப்பிலோமா வைரஸே (எச்.பி.வி.) காரணம் என்று கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 2006இல், மூன்று தவணைத் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்திருந்தது. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயதுப் பெண்களுக்கு ஒரு தவணையும் போதும் என அறிவித்தது. இது வசதி குறைந்த நாடுகளுக்கான சமரசமன்று. தடுப்பூசித் துகளின் கட்டமைப்பிலேயே இதற்கான அடிப்படை உள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வைரஸின் வெளியுறைப் புரதங்கள் தாமாகவே துகள்களாகத் திரளும் என்பதை 1991இல் பிரிஸ்பேனில் ஜியான் ஜோவும் இயன் ஃப்ரேசரும் காட்டினர். தடுப்பூசியின் முழுத் துகள் ஒன்றில் எல்1 எனும் வெளியுறைப் புரதத்தின் 360 மூலக்கூறுகள் ஐந்தைந்தாக இணைந்து, 72 கூறுகளாக அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே மரபணு இல்லாததால் அது நோயை உண்டாக்காது. ஒரே வடிவம் நெருக்கமாகத் திரும்பத் திரும்ப அமைவதால், எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்லின் ஏற்பிகள் பலவும் ஒருசேரப் பிணைக்கப்பட்டு வலுவான தூண்டல் பிறக்கிறது. எதிர்ப்பொருளை நெடுங்காலம் சுரக்கும் செல்கள் உருவாக இதுவே காரணம் என்று கருதப்படுகிறது.

ஒரு தவணை போதும் என்பதற்கான களச் சான்று இந்தியாவிலிருந்து வந்தது. இரண்டு, மூன்று தவணைகளை ஒப்பிட 2009இல் தொடங்கிய ஆய்வின் மையங்களுள் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் ஒன்று. 2010இல் அரசு தடுப்பூசி ஆய்வுகளை நிறுத்தியதால், ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரு தவணையோடு நின்றனர். அவர்களையும் விட்டுவிடாமல் பல்லாண்டு பின்தொடர்ந்ததே ஆய்வாளர்களின் பெருஞ்செயல். வைரஸின் 16, 18ஆம் வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிரான திறன் ஒரு தவணையில் 95.4 விழுக்காடு, மூன்று தவணையில் 93.3 விழுக்காடு என 2021இல் வெளியான முடிவுகள் காட்டின.

இக்குழு சமவாய்ப்பு முறையில் அமையவில்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அம்முறையிலேயே கென்யாவில் நடந்த ஆய்வும் 18 மாத முடிவில் 97.5 விழுக்காட்டுத் திறனைக் கண்டது. ஒரு தவணையில் எதிர்ப்பொருள் அளவு குறைவு என்பது அடுத்த மறுப்பு. அளவு குறைவுதான், ஆயினும் அது சரியாமல் நிலைபெறுகிறது, தொற்றையும் தடுக்கிறது. எனவே, எதிர்ப்பொருளின் அளவை மட்டும் கொண்டு பாதுகாப்பை மதிப்பிட முடியாது.

இம்முடிவுக்கு எல்லைகளும் உண்டு. இங்கு அளக்கப்பட்டது நீடித்த தொற்று, புற்றுநோய் அன்று. நோயெதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு ஒரு தவணை பரிந்துரைக்கப்படவில்லை. ஒரு தடுப்பூசிக்குரிய சான்றை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்துவதும் தகாது. 2022இல் இந்தியாவில் அனுமதி பெற்ற செர்வாவாக் என்ற எச்.பி.வி. தடுப்பூசியும் தன் சான்றைத் தானே நிறுவ வேண்டும். இந்த எல்லைகளுக்குள், மூன்று தவணை மருந்தை ஒரு சிறுமிக்கே செலுத்துவதைவிட மூன்று சிறுமியருக்குப் பகிர்வதே அறிவியலுக்கும் அறத்துக்கும் பொருந்தும்.