மாவுப்பூச்சியும் குளவிகளும்: தமிழ்நாட்டில் உயிரியல் கட்டுப்பாட்டின் வரலாறு

பயிரை அழிக்கும் பூச்சியை அதன் இயற்கை எதிரியைக் கொண்டே அடக்கும் முறை தமிழ்நாட்டில் நூறாண்டுகளுக்கும் மேலாக உள்ளது. காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்கு எதிராக, 1898-இல் எச். ஓ. நியூபோர்ட் ஆஸ்திரேலியாவின் கிரிப்டோலீமஸ் பொறிவண்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். செதில் பூச்சி அதற்கு அடங்கவில்லை. ஆனால் வண்டு இங்கேயே நிலைத்து மாவுப்பூச்சிகளைத் தின்று பெருகியது. 1928-இல் நீலகிரியின் சீகை மரங்களில் பஞ்சுச் செதில் பூச்சி தென்பட்டபோது, கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைக் காத்த ரொடோலியா பொறிவண்டு தருவிக்கப்பட்டது. இந்த முயற்சி வெற்றி பெற்றது.

ஒரு பூச்சிக்கு ஓர் எதிரியே எப்போதும் போதும் என்பதில்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு என ஒவ்வொரு பருவத்தையும் தாக்கும் எதிரி வேறு. தென்னையின் கருந்தலைப்புழு இதற்கு நல்ல சான்று. கோனியோசஸ், பிரக்கான் குளவிகள் புழுவையும், எலாஸ்மஸ் கூட்டுப்புழுவுக்கு முந்தைய நிலையையும், பிராக்கிமேரியா கூட்டுப்புழுவையும் தாக்குகின்றன. கோனியோசஸ் தாய்க்குளவி புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து அதன் உடல்மேல் முட்டையிடும்; குஞ்சுகள் வளரும்வரை அருகிலேயே காவல் இருக்கும். தோப்பில் எந்தப் பருவம் மிகுந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற குளவிகளை விடுவதே இங்குள்ள முறை.

கூட்டாக எதிரிகளை ஏவிய பெரிய முயற்சி பப்பாளி மாவுப்பூச்சிக்கு எதிரானது. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, தேக்கு, செம்பருத்தி எனப் பரவியது. இலையின் அடியிலும் காயிலும் வெள்ளை மாவாக அப்பிச் சாற்றை உறிஞ்சியது. அது கழித்த இனிப்பான கழிவின்மேல் கரும்பூஞ்சணம் படர்ந்தது. உடலைப் போர்த்திய மெழுகுப் படலத்தால் தெளித்த மருந்து உள்ளே எட்டவில்லை. மருந்தால் மடிந்தவை உள்ளூர் இயற்கை எதிரிகளே. மல்பெரி காய்ந்ததால் பட்டுப்புழு வளர்ப்போரும் தவித்தனர்.

தாயகத்தில் இப்பூச்சியைக் கட்டுக்குள் வைத்திருந்த எதிரிகள் இங்கு உடன் வரவில்லை என்பதே சிக்கலின் வேர். அமெரிக்க வேளாண் துறையின் பியூர்ட்டோ ரிகோ ஆய்வகத்திலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே, அனாகைரஸ் லோக்கி, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா ஆகிய 3 குளவிகள் 2010 ஜூலையில் பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் முக்கியத்துவப் பூச்சிகள் பணியகத்துக்கு வந்தன. பாதுகாப்புச் சோதனைகளுக்குப் பின், அக்டோபரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழியே வயல்களில் விடப்பட்டன.

முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவிகள் பெருக்கப்பட்டன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசெரோபேகஸ், மாவுப்பூச்சியின் இரண்டாம் பருவக் குஞ்சுகளை நாடி உடலுக்குள் முட்டையிடும். அனாகைரஸ் சற்று வளர்ந்தவற்றை நாடும். உள்ளிருந்து உண்ணப்பட்ட மாவுப்பூச்சி உப்பி, பழுப்பேறி, இறுகிய கூடாகிவிடும். முதிர்ந்த குளவி அதில் வட்டமாகத் துளையிட்டு வெளியேறும். மூன்றில் அசெரோபேகஸே வயல்களில் மேலோங்கி எங்கும் பரவியது. சில மாதங்களில் மாவுப்பூச்சி வெகுவாகக் குறைந்தது. இதனால் 5 ஆண்டுகளில் கிடைத்த பயன் 50 கோடி டாலருக்கும் மேல் என 2014-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இந்த அனுபவம் அடுத்த படையெடுப்பின்போது உதவியது. 2020-இல் கேரளத்தில் தென்பட்டுத் தமிழ்நாட்டுக்கும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சிக்கு எதிராக, ஆப்பிரிக்காவில் 1980-களில் அதே பூச்சியை அடக்கிய அனாகைரஸ் லோபெசி குளவி பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

குளவிகள் வயலில் நிலைத்துவிட்டால் உழவருக்குத் தொடர்செலவு இல்லை. ஆனால் பலவகைப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தைத் தெளித்தால், மாவுப்பூச்சிக்கு முன்பே குளவிகள் மடியும். எனவே இயற்கை எதிரிகளை விட்ட வயலில் மருந்தைத் தவிர்ப்பது இம்முறையின் பிரிக்க முடியாத பகுதி.